பஸ் நிலையத்தில் உறங்குகிறவர் எந்த ஜீ.எஸ். பிரிவைச் சேர்ந்தவர்?

உவர்மலைவாசி (இழையைத் தொடங்கியவர்)

கொழும்புக்குச் செல்லும் அதிகாலைப் பஸ்ஸைப் பிடிப்பதற்காக மாதத்தில் இரண்டு மூன்று தடவை நான்கு மணிக்கு முன்னரே திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் போகிறவன் நான். அந்நேரத்தில் அங்கே கோட்டைப் பக்கமிருந்து இரை தேடி வரும் புள்ளிமான்களும், சீமெந்து வாங்குகளிலும் அவற்றுக்குக் கீழேயும் படுத்திருக்கும் மனிதர்களும்தான் இருப்பார்கள். சென்ற கிழமை ஒரு மான், முதியவர் ஒருவரின் தலைமாட்டிலிருந்த உரப்பையை மூக்கால் கிளறி, உள்ளேயிருந்த பாண் துண்டை இழுத்தெடுத்தது. அவர் விழித்துக்கொண்டார். பாண் போனதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பைக்குள் கையை விட்டு, பொலித்தீனில் சுற்றி றப்பர் வளையம் போட்ட காகிதக் கட்டொன்று இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, பையை வயிற்றோடு அணைத்தபடி மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

ஊர் திரும்பியதும் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, இது யாருடைய பொறுப்பு என்று கேட்டுப் பார்க்கப் புறப்பட்டேன். முதல் அலுவலகத்தில், அங்கே படுப்பவர்களை எழுப்பி அப்புறப்படுத்துவது மட்டுமே தங்களால் இயலும் என்றார்கள். இரண்டாவதில், “அவர் எந்த ஜீ.எஸ். பிரிவு?” என்று, அதாவது எந்தக் கிராம உத்தியோகத்தரின் பிரிவு என்று கேட்டார்கள். மூன்றாவதில், முதியோர் இல்லமொன்றுக்கு அனுப்ப முயலலாம், ஆனால் கிராம உத்தியோகத்தரின் கடிதம் வேண்டும் என்றார்கள். எவரும் கடுமையாகப் பேசவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஓரிடத்தில் தேநீர்கூடத் தந்தார்கள். தெருவில் உறங்குகிறவர்களின் தொகையைக் குறைப்பது நமது நாட்டில் எந்தக் கதிரையில் இருப்பவரின் வேலை என்பதை அறிந்தவர்கள் எழுதுங்கள்.

பழைய ஜீ.எஸ்.

உவர்மலைவாசி ஐயா, நீங்கள் சென்ற மூன்று இடங்களிலும் பொய் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருடம் கிராம உத்தியோகத்தராக இருந்துவிட்டு ஓய்வுபெற்றவன் என்ற வகையில் அதன் உள்வேலையைச் சொல்கிறேன். நம்முடைய நிருவாகத்தில் மனிதன் தனியாக இல்லை; அவன் ஒரு வீட்டிலக்கத்தில் இருக்கிறான், அந்த வீட்டிலக்கம் ஒரு பிரிவில் இருக்கிறது, அந்தப் பிரிவு ஒரு பிரதேச செயலகத்தில் இருக்கிறது. தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பதானால் முதல் உறுதிப்படுத்தல் கிராம உத்தியோகத்தருடையது. வாக்காளர் இடாப்பு வீட்டிலக்கப்படிதான் தயாராகிறது. 2023 ஜூலையில் ஆரம்பித்த அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு எடுத்துக்கொள்வதும் குடும்ப அலகைத்தான். பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது, வங்கிக் கணக்குக்கு அடையாள அட்டை வேண்டும், அடையாள அட்டைக்கு விலாசம் வேண்டும். கடைநிலை வறுமையில் உள்ள குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபா என்று 2025 இல் உயர்த்தினார்கள். அதைவிடக் கடைநிலை எதுவென்று உங்கள் பஸ் நிலையத்து முதியவரைப் பார்த்தால் தெரியும். ஆனால் அவர் விண்ணப்பப் படிவத்தின் முதலாவது வரியைக்கூடத் தாண்டமாட்டார்.

“அவர் என் பிரிவில்லை” என்று ஒரு ஜீ.எஸ். சொல்வது சோம்பல் மட்டுமல்ல. இன்றைக்கு நான் வதிவிடச் சான்றிதழ் எழுதிக்கொடுத்து, நாளைக்கு அவர் இன்னொரு பெயரில் இன்னொரு பிரிவில் பதிவாகியிருந்தது தெரியவந்தால், விளக்கம் கேட்டு வரும் கடிதம் எனக்குத்தான் வரும். நானும் என் காலத்தில் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மெயின் வீதி வியாபாரி

எல்லோரும் கண்ணீர் வடிப்பதற்கு முன்னர் கடைக்காரன் பக்கத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். என் கடை விறாந்தையில் நிரந்தரமாக மூன்று பேர் படுக்கிறார்கள். காலை ஏழரைக்குக் கடை திறக்கும் முன் வேலைக்கு நிற்கும் பையன் இரண்டு வாளி தண்ணீர் அடித்து, டெட்டோல் ஊற்றிக் கழுவவேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் கோவிலுக்குப் போகும் வழியில் வரும் பெண் வாடிக்கையாளர்கள் அந்த வாசலால் ஏறமாட்டார்கள். பொலிசுக்குச் சொன்னால் எழுப்பி அனுப்புகிறார்கள். அடுத்த இரவு பக்கத்துக் கடை விறாந்தை, அதற்கடுத்த இரவு மறுபடி என் விறாந்தை. மடம் மாதிரி ஒரு கட்டடத்தைக் கட்டி, இரவில் எல்லோரையும் அங்கே கொண்டுபோய் விட்டால் என்ன? காணி இல்லையென்று மட்டும் சொல்லாதீர்கள்; இந்த நகரத்தில் காணி யார் யாரிடம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கறுப்புக்கோட்டு

வியாபாரி அண்ணன் ‘விறாந்தை’ என்ற சொல்லைப் பயன்படுத்தியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏனெனில் சட்டத்திலும் அதே சொல்தான் இருக்கிறது. 1841 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க அலைந்துதிரிவோர் கட்டளைச் சட்டம், உரிமையாளரின் அனுமதியின்றி விறாந்தையிலோ கொட்டிலிலோ ஆளில்லாக் கட்டடத்திலோ வண்டியிலோ தங்கி, சீவனத்துக்கு வழி எதுவும் காட்ட முடியாமலும், தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கம் தர முடியாமலும் இருக்கிறவரைக் குற்றவாளியாக்குகிறது. நெப்போலியன் காலத்துப் போர்கள் முடிந்து படைவீரர்கள் தெருவில் நின்றபோது இங்கிலாந்தில் 1824 இல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சிந்தனையைத்தான் பதினேழு வருடங்களின் பின்னர் இங்கேயும் இறக்கினார்கள். அதன்பிறகு 1907 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்து, அப்படிப்பட்டவர்களை நீதவான் தடுப்பு இல்லங்களுக்கு அனுப்ப வழி செய்தது.

ஆகவே ‘எல்லோரையும் கொண்டுபோய் விடும் ஒரு கட்டடம்’ நம் சட்டப் புத்தகத்தில் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. கதவு உள்ளிருந்து திறக்கக்கூடியதா, வெளியிலிருந்து பூட்டப்படுவதா என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும். உவர்மலைவாசியின் கேள்விக்கு என் பதில் இது: வீடமைப்புக்கு அதிகார சபை உண்டு, நலன்புரிக்குச் சபை உண்டு, அனர்த்தத்துக்கு நிலையம் உண்டு, தெருவில் உறங்குகிற தனிமனிதனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் சட்டம் மட்டும் அவனைத் தண்டிக்கும் சட்டமாகவே இருக்கிறது.

ஈஸ்ட்ஹாம் திருமலையான்

லண்டனில் பனிக்காலத்தில் தேவாலய மண்டபமொன்றில் நடக்கும் இரவுத் தங்குமிடத்தில் தொண்டு செய்கிறேன், அதனால் இங்குள்ளதை ஓரளவு அறிவேன். இங்கே எண்ணுகிறார்கள், அதுதான் முதல் வித்தியாசம். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் ஓர் இரவைத் தெரிவுசெய்து, இங்கிலாந்து முழுவதும் அந்த இரவில் வெளியே படுத்தவர்கள் எத்தனை பேரென்று உள்ளூராட்சி மன்றங்கள் கணக்கிடுகின்றன. 2010 இல் 1,768 ஆக இருந்த தொகை 2017 இல் 4,751 ஆக ஏறியது. 2021 இல் 2,440 அளவுக்கு இறங்கியது. 2024 இல் மறுபடி 4,667 ஆயிற்று. ஓர் இரவின் கணக்கென்பதால், கண்ணில் படாமல் பாதுகாப்புக்காக இரவு முழுவதும் பஸ்ஸில் சுற்றும் பெண்கள் அதில் விடுபடுகிறார்கள் என்ற குறை நியாயமானதுதான். இருந்தாலும், எண் இருப்பதனால் அமைச்சர் ஒருவரிடம் போய் ஏன் ஏறியது என்று கேட்க முடிகிறது.

இரண்டு தடவை வேகமாக இறங்கியதைக் கவனியுங்கள். 1999 இல் இதற்கென்றே தனிப் பிரிவொன்றை அமைத்து, மூன்றில் இரண்டு பங்கு குறைப்பதென்று இலக்கு வைத்து, தவணைக்கு முன்னரே 2001 இல் எட்டினார்கள். பிறகு 2020 மார்ச்சில், கொரோனாவின்போது, தெருவில் இருக்கும் எல்லோரையும் உள்ளே எடுங்கள் என்று கட்டளை போனது. ஆளில்லாமல் கிடந்த ஹோட்டல் அறைகளில் வைத்தார்கள். வழக்கமாக முதலில் கேட்கப்படும் ‘இந்த ஊரோடு உனக்கு என்ன தொடர்பு?’ என்ற கேள்வியை அந்த மாதங்களில் பெரும்பாலும் ஒத்திவைத்தார்கள். கேள்வியை நிறுத்தியவுடன் தொகை இறங்கியது. கேள்வி திரும்பி வந்தது, வாடகையும் ஏறியது, தொகையும் ஏறிவிட்டது.

பழைய ஜீ.எஸ். ஐயா சொன்ன விலாசப் பிரச்சினைக்கு இங்கே ஒரு சிறிய ஏற்பாடு உண்டு. வீடில்லாதவர் தாம் பெரும்பாலும் இருக்கும் இடத்தைக் குறிப்பிட்டு உள்ளூர்த் தொடர்புப் பிரகடனம் ஒன்றைக் கொடுத்து வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். அந்த இடம் ஒரு பூங்கா வாங்காக இருந்தாலும் சரி.

கொட்டியாரத்தாள்

இங்கிலாந்தை விடுங்கள். வீடில்லாமல் இருப்பது எப்படியென்று எங்களிடம் கேளுங்கள். 2006 இல் யுத்தத்தால் சம்பூரிலிருந்து புறப்பட்டு, வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போய், பிறகு கிளிவெட்டி முகாமில் தகரத்துக்குக் கீழே இருந்துவிட்டு, 2015 இல் முதலீட்டுக்கென எடுத்திருந்த 818 ஏக்கரை விடுவித்த பிறகுதான் ஊர் பார்த்தோம். ஒன்பது வருடம். வெயில் காலத்தில் பகலில் உள்ளே இருக்க முடியாது. வாடைக்காற்று தொடங்கினால் தறப்பாளைப் பிடித்துக்கொண்டு இரவு முழுவதும் நிற்கவேண்டும்.

ஆனாலும் அந்த முதியவரோடு எங்களை ஒப்பிட்டால் நாங்கள் ஒரு வகையில் கொடுத்துவைத்தவர்கள் என்று இந்த இழையைப் படித்தபோது தோன்றியது. எங்களுக்கு வீடு இல்லை, பட்டியல் இருந்தது. முகாமின் பெயரும் கொட்டில் இலக்கமும் விலாசமாயிற்று. அந்த விலாசத்துக்கு அரிசி வந்தது, மா வந்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். எரிந்துபோன பிறப்புப் பத்திரங்களுக்குப் பதிலாக நடமாடும் சேவை வைத்து, மேசை கதிரையோடு பதிவாளரும் ஆட்பதிவுக்காரரும் மரத்தடிக்கே வந்தார்கள். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற ஆளும் அதே மரத்தடியில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நமது நாட்டில் அரசாங்கம் வீடு கொடுக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. பிரேமதாச காலத்தில் 1978 இலிருந்து ஒரு இலட்சம் வீடுகள், 1984 இலிருந்து பத்து இலட்சம் வீடுகள் என்று திட்டம் போட்டார்கள். இலங்கையின் யோசனைப்படிதான் ஐக்கிய நாடுகள் சபை 1987 ஐ வீடற்றோருக்கான ஆண்டாக்கியது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். சுனாமிக்குப் பிறகு, முற்றாக உடைந்த வீட்டுக்கு 250,000 ரூபா, பகுதியாக உடைந்ததற்கு 100,000 ரூபா. இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபா. எல்லாவற்றிலும் காணித்துண்டு ஒன்று இருக்கவேண்டும், அல்லது உடைந்த வீடொன்று இருந்திருக்கவேண்டும். அத்திவாரம் போடுவதற்கு இடமில்லாத தனி ஆளுக்கு அதில் எந்தப் பக்கத்தாலும் வாசல் இல்லை.

விடுதித் தாதி

வைத்தியசாலையின் பெயர் வேண்டாம். மழைக்காலத்தில் எங்கள் விடுதிக்கு நெஞ்சுச் சளியோடும் காலில் ஆறாத புண்ணோடும் இப்படியானவர்கள் வருவார்கள். கட்டில் துண்டில் விலாசம் எழுதவேண்டிய இடத்தில் சிலவேளை ‘பஸ் நிலையம்’ என்றே எழுதியிருக்கிறேன். நீரிழிவுப் புண்ணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்டவேண்டும், காலை நனைக்கக்கூடாது, காலை உயர்த்தி வைத்துப் படுக்கவேண்டும் என்று சொல்லித் துண்டு வெட்டி, அதாவது விடுதியிலிருந்து விடுவித்து, அனுப்புகிறோம். எங்கே உயர்த்தி வைப்பது? பத்து நாளில் அதே கால் புழுத்துத் திரும்பி வருகிறது. விடுதியில் வைத்துக்கொள்ளச் சொன்னால் கட்டில் இல்லை. முதியோர் இல்லம் கேட்டால் உவர்மலைவாசி சொன்ன அந்த ஜீ.எஸ். கடிதத்தைக் கேட்கிறார்கள். ஒருவருக்கு விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே என்று மூன்று தடவை வெட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சத்திரசிகிச்சைகளுக்கு அரசாங்கம் செலவழித்த பணத்தில் அவருக்கு எத்தனை மாதம் ஓர் அறைக்கு வாடகை கொடுத்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஈஸ்ட்ஹாம் திருமலையான்

தங்கச்சி, நீங்கள் நினைத்துக்கொண்டதைத்தான் பின்லாந்தில் கொள்கையாகவே செய்தார்கள். 2008 இலிருந்து அங்கே முதலில் வீடு, மற்றவை பிறகு என்ற முறை. குடியை விட்டால் கட்டில், மருந்தெடுத்தால் அறை, ஒழுங்காக இருந்தால் வீடு என்று படி வைத்து ஏற்றுவதை நிறுத்திவிட்டு, முதல் நாளே சொந்த வாடகை ஒப்பந்தத்தோடு சாவியைக் கொடுத்தார்கள். ஹெல்சிங்கியில் பெரிய இரவு மடங்களை மூடி, தனித்தனிக் குடியிருப்புகளாக மாற்றினார்கள். ஒரே மண்டபத்தில் வரிசையாகக் கட்டில் போடும் வழக்கம் ஏறத்தாழ ஒழிந்தது. எண்பதுகளின் பிற்பகுதியில் அந்நாட்டில் 18,000 க்கு மேற்பட்டோர் வீடற்றிருந்தார்கள். 2023 இல் 3,429 பேர். உதவித்தொகைகளை வெட்டத் தொடங்கியபின் 2024 இல் அது 3,806 ஆக மறுபடி ஏறியதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கொட்டியாரத்தாள்

அண்ணா, சாவி கொடுக்கிற கதை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூதூர்ப் பக்கம் கிடுகுக் கொட்டிலில் நான்கு பிள்ளைகளோடு வீட்டுத்திட்டத்துக்குக் காத்திருக்கிற விதவைக்கு முன்னால் நின்று, குடித்துவிட்டுக் கடை வாசலில் படுக்கிறவருக்கு முதலில் வீடு என்று எந்த அதிகாரி சொல்வார்? சொன்னால் அன்றைக்கே கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் ஆர்ப்பாட்டம் நடக்கும், நானும் போய் நிற்பேன்.

கறுப்புக்கோட்டு

நீங்கள் சொல்வது சரி, அதனால்தான் வீட்டையும் விலாசத்தையும் பிரித்துப் பார்க்கவேண்டும் என்கிறேன். வீட்டுக்குக் காசு வேண்டும், காணி வேண்டும், வரிசையில் முந்தியவர் பிந்தியவர் என்ற வழக்கு வரும். விலாசத்துக்கு அவை எதுவும் வேண்டாம். பிரதேச செயலகத்தின் விலாசத்தையே ‘மேற்பார்வை விலாசம்’ என்று எழுதிக்கொள்ள ஒரு சுற்றறிக்கை போதும். அது இருந்தால் அடையாள அட்டை, பிறகு வங்கிக் கணக்கு, பிறகு நலன்புரிக் கொடுப்பனவு, எழுபது வயது கடந்தவருக்கு முதியோர் கொடுப்பனவு. அந்தப் பணத்தில் அறையெடுப்பாரா, கட்டிலெடுப்பாரா, தூரத்து உறவினர் வீட்டு விறாந்தையில் காசு கொடுத்து மரியாதையாகப் படுப்பாரா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். உறவினர் வீட்டிலிருந்து இறக்கப்பட்டவர்கள் பலர் கையில் காசில்லாததனால்தான் இறக்கப்பட்டார்கள்.

மெயின் வீதி வியாபாரி

என் விறாந்தையில் படுக்கிறவர்களில் ஒருவர் அப்படித்தான். பாலையூற்றுப் பக்கம் அவருடைய சொந்தத் தங்கச்சி வீடு இருக்கிறது. பெருநாளைக்கு வந்து சாப்பாட்டுப் பார்சல் கொடுத்துவிட்டுப் போவா. கேட்டேன், மருமகனுக்குப் பிடிக்கவில்லையாம். ஆனால் மற்றவர் வேறு மாதிரி. ஒரு தடவை முதியோர் இல்லமொன்றுக்கு நானே வான் பிடித்துக் கூட்டிப்போய் விட்டேன். நான்காம் நாள் காலையில் ஷட்டரைத் திறக்கிறேன், ஆள் படுத்திருக்கிறார். இரவு எட்டு மணிக்குக் கேற் பூட்டுவார்களாம், பீடி குடிக்க விடமாட்டார்களாம்.

பழைய ஜீ.எஸ்.

கறுப்புக்கோட்டு சொல்லும் சுற்றறிக்கை நடைமுறையில் இல்லாத புதுமையல்ல. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரை கடந்தபோது நான் இன்னும் சேவையில் இருந்தேன். பின்னேரமே பாடசாலைகளைத் திறந்துவிட்டோம். கரையோரக் குடும்பங்களோடு, எந்தக் குடும்பத்திலும் சேராத ஐந்தாறு பேரும் உள்ளே வந்தார்கள். வாசலில் நின்று நான் எவரிடமும் வதிவிடச் சான்றிதழ் கேட்கவில்லை. சாப்பாட்டுக்குப் பட்டியல் எழுதும்போது அவர்களுக்கு விலாசமாகப் பாடசாலையின் பெயரைத்தான் எழுதினேன். கணக்காய்வில் எவரும் கேள்வி கேட்கவில்லை. காற்று ஓய்ந்து மையத்தை மூடியபோது, மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அந்த ஐந்தாறு பேரும் பெயர் இல்லாதவர்களாக மறுபடி பஸ் நிலையத்துக்குப் போனார்கள். அன்றைக்கு அதை நான் யோசிக்கவில்லை.

உவர்மலைவாசி ஐயா, அந்தக் காகிதக் கட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தீர்களா?

உவர்மலைவாசி

கேட்டேன். மூன்று இரவுகள் பிளேன்ரீயும் பணிசும் வாங்கிக்கொடுத்து, நான்காம் இரவுதான் கட்டை அவிழ்த்தார். உள்ளே நிவாரண அட்டை ஒன்று. மடிப்புகளில் கிழிந்து, ஒட்டுத்தாளால் ஒட்டி, ஒட்டுத்தாளும் மஞ்சளாகிவிட்டது. குடும்பத்தில் ஐந்து பேரென்று எழுதி, நான்கு பெயர்கள் வெவ்வேறு நிறப் பேனைகளால் வெட்டப்பட்டிருந்தன. அவற்றைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதோடு, 1990 க்கு முந்திய பழைய அடையாள அட்டையின் போட்டோப்பிரதி. படம் கறுப்பாகிவிட்டது, இலக்கத்தின் கடைசி இரண்டு தானங்கள் அழிந்திருக்கின்றன. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லை. பிரதி எடுக்க விடுகிறார், மூலத்தைக் கையை விட்டு விடமாட்டேன் என்கிறார்.

பழைய ஜீ.எஸ்.

போதும். இலக்கத்தின் முதல் இரண்டு தானங்கள் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் பிறந்த நாளைக் காட்டும். ஆகவே வயது தெரிந்துவிட்டது. நிவாரண அட்டையில் பழைய பிரிவின் பெயர் இருக்கும். அந்தப் பிரிவுக்கு இப்போது இருக்கும் ஜீ.எஸ். எனக்குப் பின்னால் சேவைக்கு வந்த பிள்ளை, நான் பேசுகிறேன். பிறப்புப் பதிவைத் தேடிக் கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அட்டை தொலைந்ததற்குப் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி வேண்டும். கறுப்புக்கோட்டு கூடப் போனால் நல்லது, தனியே போனால் விறாந்தைச் சட்டத்தை யாராவது எடுத்துவிடுவார்கள். மூலத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும், அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். திங்கட்கிழமை பொதுமக்கள் தினம், ஒன்பது மணிக்கு முன்னர் வந்தால் வரிசை குறைவு. படம் எடுக்கப் பதிவுபெற்ற ஸ்டூடியோவுக்குப் போகவேண்டும், அதற்குச் சேர்ட் ஒன்று வேண்டும்.

மெயின் வீதி வியாபாரி

சேர்ட் கடையில் இருக்கிறது, ஞாயிறு பின்னேரம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சளவைச் சொல்லுங்கள். விறாந்தை பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.

உவர்மலைவாசி

38 ஆக இருக்கும் என்று நினைக்கிறேன், மிகவும் மெலிந்த ஆள். ஒரு சிக்கல் மட்டும்: அவர் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லவில்லை. “பார்ப்போம்” என்றார். மழை பெய்தால் புகையிரத நிலையப் பக்கம் போய்விடுவாராம். ஞாயிறு இரவு இரண்டு இடத்திலும் தேடிப் பார்க்கிறேன்.